மீன்தொட்டியும் பன்னிரண்டாம் பக்கமும்

என் நாத்தனார் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறாள். இதைச் சொன்னதும், "அதுக்கென்ன, சின்னப் பசங்க கதைதானே, அரை மணி நேரம் உட்கார்ந்தா நாமளே எழுதிடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன்னால் அதே வாக்கியத்தை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான்தான்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பென்சில். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தூங்கும்போதாவது எடுக்கிறாளா என்று என் கணவருக்கே சந்தேகம், அவர் அவளோடு கூடப் பிறந்த அண்ணன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்று ஜெயித்தவள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள், கீழே நாங்கள். பகலில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகவரி மாற்றச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் மூன்றாம் எண் கவுன்ட்டர் என்னுடையது. இருபத்திரண்டு வருடங்களாக டோக்கன் எண் கூப்பிடுகிறேன். மூன்று முறை கூப்பிடுவேன். வரவில்லையென்றால் அடுத்த எண். யார் வந்து கெஞ்சினாலும் சரி, திரும்ப வரிசையில் போய்த்தான் நிற்கவேண்டும். இந்த விஷயத்தில் என்னை அசைக்க மேலதிகாரியாலும் முடிந்ததில்லை.

பென்சில் எழுதுகிறாள் என்பது எனக்கு முதலில் எப்படிப் புரிந்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படிக்குள் நுழைந்தபோது நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி அங்கே முட்டி போட்டு நடந்துகொண்டிருந்தாள்.

"என்னடி தொலைச்சே?" என்றேன்.

"ஒண்ணும் தொலைக்கல அண்ணி. எட்டு வயசுப் பொண்ணோட கண்ணு இந்த உயரத்துலதான் இருக்கும். அவளுக்கு இந்த அடுப்படி எப்படித் தெரியும்னு பாக்குறேன்."

"எப்படித் தெரியுது?"

"அடுப்பு மேல என்ன இருக்குன்னே தெரியல. ஆனா மேஜையோட அடிப்பக்கம் நல்லாத் தெரியுது. அண்ணன் சூயிங்கம் ஒட்டி வச்சிருக்காரு. மொத்தம் ஆறு."

அந்த ஆறுக்காக என் கணவர் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நான் சொல்ல வந்தது, அவள் எழுதும் விதம் இப்படித்தான் என்பதை. தேதி முடிந்துபோன மருத்துவமனை அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதுவாள். ஒரு அட்டைக்கு ஒரு சம்பவம். அடங்காமல் வழிந்தால், அது ஒரு விஷயம் இல்லை, இரண்டு விஷயம் என்று பிரித்துவிடுவாள். 'அழகான' என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிடுவாள். "அழகான பையன்னு எந்தப் புள்ளையும் சொல்லாது அண்ணி, முழங்கால்ல பிளாஸ்திரி ஒட்டுன பையன்னுதான் சொல்லும்" என்பாள். கதையில் வரும் அப்பா அம்மாவை முதல் இரண்டு பக்கத்துக்குள் எங்காவது அனுப்பிவிடுவாள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களே பிரச்சினையைத் தீர்த்துவைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். என் வேலையைப் பார்த்தால் அது உண்மை மாதிரித் தெரியவில்லை.

மருத்துவமனை மூன்றாவது மாடி. கீழே தையல் கடை, நடுவில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம். காத்திருக்கும் அறையில் ஒன்பது நாற்காலி, மூலையில் ஒரு மீன்தொட்டி. நான்கு ஆரஞ்சு மீன், ஒரு கறுப்பு மீன். சுவரில் ஒரு டிவியும் உண்டு, ஆனால் அது வேலை செய்வதை நிறுத்தி எத்தனையோ நாளாகிறது. நிறுத்திய அன்றைக்கு உள்ளேயிருந்து பல் துளைக்கும் இயந்திரம் 'ஊய்ய்' என்று கத்த, வெளியே ஏழு பிள்ளைகளும் ஒரே சுருதியில் அழுதிருக்கிறார்கள். வேறு வழி தெரியாமல் பென்சில் மேஜை இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுத்துப் படித்திருக்கிறாள். அழுகை நின்றது. மருத்துவர் அதன் பிறகு டிவியைப் பழுதுபார்க்க ஆளே கூப்பிடவில்லை. கெட்டிக்கார மனுஷி.

அப்படிப் படிக்கும்போது பென்சில் ஒன்றைக் கவனித்தாள். கதை எங்கே தொய்கிறதோ அங்கே பிள்ளைகளின் தலை மீன்தொட்டிப் பக்கம் திரும்பும். உடனே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு தலைக்கு ஒரு புள்ளி. மறுநாள் அதே கதையை வேறு பிள்ளைகளுக்குப் படித்தால், அதே இடத்தில் மறுபடியும் புள்ளி. புள்ளி சேர்ந்த இடத்தை இரக்கமே இல்லாமல் வெட்டினாள். பல்லுக்குக் கம்பி மாட்டிக்கொள்ள மாதம் ஒருமுறை வரும் பெரிய பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. அவர்கள் சின்னப்பிள்ளைக் கதையைக் கேட்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், காதில் இயர்போன் இருக்கும். ஒரு காதிலிருந்து அதைக் கழற்றினால் பென்சில் ஒரு வட்டம் போடுவாள். இரண்டு காதிலிருந்தும் கழற்றிய பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இப்படி மூன்று வருடம் புள்ளி வைத்து, வெட்டி, ஒட்டி, ஒரு நாவல் எழுதி முடித்தாள். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பிள்ளைகள் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். நாலு மணி நேரம். அவ்வளவுதான் கதை. முதல் முப்பது பக்கத்தில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. பிள்ளைகளுக்கான புத்தகம் மட்டுமே போடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

இரண்டு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. கூடவே பதிப்பாசிரியரின் கடிதம். அந்த அம்மாவுக்கு நான் கத்திரிக்கோல் என்று பெயர் வைத்தேன், இன்றுவரை மாற்றவில்லை. கடிதம் நாலே வரி. 'எங்களிடம் ஐந்து பிள்ளைகள் வாசகர்களாக இருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாங்களே படிப்பார்கள். நால்வர் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டார்கள். சரிசெய்ய முடியும் என்று தோன்றினால் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் இன்னொரு முறை அனுப்புங்கள். அதற்குமேல் பார்க்க இயலாது.'

பென்சில் கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், கட்டைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அதன் மேல் போட்டாள். அவளை அப்படி வெறும் கொண்டையோடு நான் பார்த்ததே இல்லை. என் கணவர் ஆறுதல் சொல்லக் கிளம்பினார், நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். அவர் ஆறுதல் சொன்னால் எல்லோரும் அழுவோம்.

மூன்று நாள் கழித்து அவளே வெடித்தாள். "பன்னிரண்டாம் பக்கமா? அங்கதான் எல்லாப் புள்ளையும் சிரிக்கும் அண்ணி! நாற்பது புள்ளைங்களுக்குப் படிச்சிருக்கேன். ஒரு தலைகூடத் திரும்பல. அந்த அஞ்சும் புள்ளைங்களா, இல்ல பெஞ்சா?"

"என்ன வருது அந்தப் பக்கத்துல?"

"லிஃப்ட் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து காவலாளி பேசுவாரு. பயப்படாதீங்க, ஆள் வருதுன்னு. ஆனா அவருக்கே பயம்." சொல்லிக்கொண்டே உள்ளங்கையை வாய்மேல் பொத்திக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து 'ம்பயம்ப்படாதீங்க்க' என்று பேசிக் காட்டினாள். நான் அவளுக்காக வருத்தப்படவேண்டிய நேரம், சிரித்துவிட்டேன். பிறகு எனக்குள் ஏதோ தட்டியது.

"அந்தப் பேப்பரைக் கொடு" என்று வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கம் முழுக்கக் காவலாளி பேசிக்கொண்டே இருந்தார். என் அலுவலக அறிவிப்புப் பலகையைப் படிக்கிற மாதிரி இருந்தது. "ஏன்டி, நீ வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுறே, அதுங்க சிரிக்குது. இதுல உன் கை எங்க இருக்கு? உன் வாய் எங்க இருக்கு? புத்தகத்தோட நீயும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகப்போறியா?"

அவள் முகம் வெளுத்தது. மூன்று வருடம் வைத்த புள்ளிகள் எல்லாம் அவள் எழுத்துக்கு இல்லை, அவள் குரலுக்கு. அவள் படித்தால் மளிகைச் சீட்டைக்கூடப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். எழுத்து எங்கே நொண்டினாலும் குரல் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்திருக்கிறது, அது அவளுக்கே தெரியவில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். அவள் பென்சிலை எடுத்து மறுபடி கொண்டையில் செருகினாள்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இனிமே நான் படிக்கமாட்டேன். நீங்க படிக்கணும். உங்க குரல்தான் எனக்கு வேணும்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "அப்படி என்னடி என் குரல்ல?"

"ஒண்ணுமே இல்ல அண்ணி. அதான் வேணும். நீங்க பேசுனா டோக்கன் கூப்பிடுற மாதிரியே இருக்கும். ஏத்தம் இறக்கம் எதுவும் கிடையாது. உங்க வாயில ஒரு வரி நின்னுச்சுன்னா, அது சொந்தக் கால்ல நிக்குதுன்னு அர்த்தம்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எனக்கென்று ஒரு மானம் இருக்கிறதா இல்லையா? மூன்றாம் நாள் என் கணவர், "அவ சொன்னதுல தப்பென்ன இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தார். அவரோடு நாலு நாள் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை எனக்கு விடுமுறை, கால் தானாக மருத்துவமனைக்கு நடந்தது.

முதல் சனிக்கிழமை மாதிரி ஒரு அவமானத்தை நான் வாழ்க்கையில் பட்டதில்லை. எட்டுப் பிள்ளைகள். நான் நேராக உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நாலு தலை மீனுக்குப் போயிற்று. ஏழாம் பக்கத்தில் ஒருத்தன் எழுந்துபோய்க் கறுப்பு மீனுக்கு விரலால் வழி காட்ட ஆரம்பித்தான். பன்னிரண்டாம் பக்கத்தில் முன்பல் இல்லாத ஒரு குட்டிப் பெண் மரியாதையாகக் கேட்டாள், "ஆன்ட்டி, இது கதையா, இல்ல ஏதாச்சும் சொல்றீங்களா?"

காகித ஓரமெல்லாம் அம்மை போட்ட மாதிரிப் புள்ளி. எண்ணினால் அறுபத்தொன்று. எனக்கு அழுகை முட்டியது. பென்சிலோ லாட்டரி அடித்தவள் போலிருந்தாள். "இப்பத்தான் அண்ணி எனக்கு உண்மை தெரியுது! மூணு வருஷமா யாருமே எனக்கு இதைச் சொல்லல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பைத்தியம் என்றால் இதுதானோ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முழுக்க மாடி அறையில் கத்தரிக்கும் சத்தம். பன்னிரண்டாம் பக்கத்துக் காவலாளியின் பேச்சை முழுசாகத் தூக்கினாள். ஒரு வரிகூட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பதில் லிஃப்ட் கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி வைத்தாள். மூன்று பிள்ளைகளும் தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்துப் பார்க்கிறார்கள். காவலாளியின் கால் மட்டும் தெரிகிறது. ஒரு செருப்பின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருக்கிறது. குரல் தைரியமாக வருகிறது, ஆனால் கால் விரல்கள் பத்தும் செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவருக்கும் பயம் என்று எங்கேயும் எழுதவில்லை. இதற்காகக் கடைத்தெரு நடைபாதையில் குனிந்து ஒரு மணி நேரம் ஊரார் கால்களைப் பார்த்திருக்கிறாள். செருப்பு திருட வந்தவள் என்று ஒரு கடைக்காரர் விரட்டியிருக்கிறார்.

இரண்டாவது சனிக்கிழமை முப்பத்தெட்டுப் புள்ளி. அதில் பத்து என் இருமலுக்கு வந்தது, கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சண்டை போட்டுக் குறைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை பத்தொன்பது. அன்றைக்குத்தான் கம்பிக்காரி வாயைத் திறந்தாள்.

கம்பிக்காரி பதினைந்து வயதுப் பெண். அந்த மாதம் அவள் பல் கம்பி அடிக்கடி அவிழ்ந்து தொல்லை கொடுத்ததால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். இரண்டு காதிலும் இயர்போன், கண் போனில். எங்கள் இருவரையும் அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று நான் இருபத்தாறாம் பக்கத்தை முடித்ததும், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அந்தப் பெரிய பொண்ணு அழுறது நம்புற மாதிரி இல்ல."

பென்சில் பாய்ந்து வந்தாள். "ஏன்? சொல்லு, ஏன்?"

"லிஃப்ட்ல கண்ணாடி இருக்கும்ல. பக்கத்துல தெரியாத பசங்க வேற. கண்ணாடி முன்னாடி எவளும் அப்படி ஓன்னு அழமாட்டா. முதல்ல, அழுதா மூஞ்சி எப்படி இருக்குன்னு பாப்பா. அப்புறம் அழவே வராது. அது அதைவிடக் கஷ்டம்." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு இயர்போனும் அவள் மடியில் கிடந்தன. எவ்வளவு நேரமாகக் கிடந்தன என்று தெரியவில்லை.

பென்சில் ஓரத்தில் இரண்டு வட்டம் போட்டாள். அந்த அத்தியாயத்தை அன்று சாயங்காலமே கிழித்தாள். புதிதாக எழுதியதை எனக்குப் படிக்கக் கொடுத்தபோது, பதினாலு வயதில் நான் பள்ளிக்கூடக் கழிவறைக் கண்ணாடி முன் நின்றது ஞாபகம் வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை கட்டு கத்திரிக்கோலிடம் இருந்தாகவேண்டும். அன்று காலை நான் எழுந்து, "காபி வேணுமா?" என்று கேட்டேன். காற்று மட்டும் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டு குரல் சுத்தமாகப் போய்விட்டது. இருபது வருடத்தில் ஒரு நாள் லீவு போடாத குரல். என் கணவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

எழுதிக் காட்டினேன்: 'நீயே படி.'

"நான் படிச்சா அது பொய் அண்ணி" என்றாள் பென்சில். "இன்னைக்குத் தெரியலைன்னா, சரியா இருக்கா இல்லையான்னு தெரியாமலே அனுப்பணும். மறுபடியும் பன்னிரண்டுல மூடி வச்சாங்கன்னா..." எதற்கும் வாங்க என்று கூட்டிப்போனாள்.

ஒன்பது நாற்காலியும் நிரம்பியிருந்தது. என் மடியில் முதல் முப்பது பக்கம், கிளிப்பைக் கழற்றி வைத்திருந்தேன். வாயைத் திறந்து பார்த்தேன். புஸ் என்றது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள். பென்சில் வரவேற்பு மேஜையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வழக்கமாக வரும் ஒரு எட்டு வயதுப் பெண் உண்டு. இயந்திரச் சத்தம் கேட்டதும் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். உள்ளே கூட்டிப்போக அவள் அம்மா, நர்ஸ், மருத்துவர் மூவரும் சேர்ந்து இழுக்கவேண்டும். அவளை நாற்காலிக்கடி என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். அன்றும் என் காலருகேதான் படுத்திருந்தாள். என் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. மேலே இருந்த தாளை இழுத்துக்கொண்டது.

நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கை மறுபடி வந்தது. முதல் தாளை என் மடியில் வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தது. பக்கத்து நாற்காலிப் பையன், "என்ன அது?" என்று முதல் தாளை எடுத்துப் பார்த்தான். அவன் முடித்ததும் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள் பிடுங்கினாள். பத்து நிமிடத்தில் தாள்கள் அறையைச் சுற்றிக் கைமாறிக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை. பேசினால், "சீக்கிரம் முடிடா", "எட்டு யாருகிட்ட இருக்கு?", "ஏய், என்ன ஆகுதுன்னு சொல்லாதே, சொன்னே கொன்னுடுவேன்" அவ்வளவுதான்.

மருத்துவர் கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டார். யாரும் நிமிரவில்லை. அடுத்தவன் கையில் பதினைந்தாம் பக்கத்தோடு உள்ளே போனான், வாய் மரத்துப்போய்க் கோணலாக வெளியே ஓடிவந்து, "பதினாறு எங்க? பதினாறு எங்க?" என்று குழறினான். மருத்துவரே முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே தாளைத்தான். பன்னிரண்டு. முதலில் அது நாற்காலிக்கு அடியில் போனது. என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கால் நீண்டது, விரல்கள் மெல்ல மடங்கின, இறுகின. அடுத்து அந்தப் பையனிடம் போனது. படித்தான், குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தான். அவனுக்கு அடுத்தவளும் பார்த்தாள். ஒன்பது பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக, பன்னிரண்டாம் பக்கம் கைக்கு வந்ததும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். கத்தவேண்டும் போலிருந்தது, குரல் இல்லை. பென்சிலைப் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

நாற்காலிக்கடியின் முறை வந்தபோது இழுக்க மூன்று பேரும் தயாரானார்கள். அவளே வெளியே வந்தாள். உடுப்பில் தூசியைத் தட்டிக்கொண்டாள். "சீக்கிரம் முடிச்சு விடுங்க டாக்டர், அவங்க இன்னும் லிஃப்ட்லயே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மதியம் கூட்டம் கலைந்ததும் தாள்களை வரிசையாக அடுக்கினோம். எண்ணினால் இருபத்தொன்பது. மறுபடி எண்ணினோம். நாற்காலிகளை நகர்த்தினோம், மீன்தொட்டிக்குப் பின்னால் தேடினோம். பென்சில் எண்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"பன்னிரண்டைக் காணோம் அண்ணி."

நான் கையை விரித்தேன்.

"திருடிட்டாங்க!" அவள் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடிவந்தார். "அண்ணி, பன்னிரண்டாம் பக்கத்தை எவளோ திருடிட்டா! எவனோ திருடிட்டான்!" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பு அறையில் குதித்தாள். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள், அதில் ஒருத்திக்கு முழங்கால் வலி வேறு. குதித்தோம்.

அந்தப் பக்கத்தைத் திரும்ப அச்செடுத்துச் சேர்த்துத் திங்கட்கிழமை அனுப்பினாள். ஆறு வாரத்தில் கத்திரிக்கோல் தொலைபேசியில் கூப்பிட்டார். ஐந்து பிள்ளைகளும் முடித்துவிட்டார்களாம், ஒருத்தி இரண்டு தடவை. கத்திரிக்கோல் சொன்ன ஒரே திருத்தம், ஒரு காற்புள்ளி. பென்சில் அதையும் ஒப்புக்கொள்ளாமல் வாதாடி ஜெயித்தாள். புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில், 'குரலில் ஒன்றுமே இல்லாத என் அண்ணிக்கு' என்று அச்சிட்டிருந்தாள். அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். விளக்கம் கேட்டவர்களுக்கு விளக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள், கவுன்ட்டரில் உட்கார்ந்து வழக்கம்போல் "நாற்பத்தொன்று" என்றேன். யாரும் வரவில்லை. "நாற்பத்தொன்று." வரவில்லை. மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, நாற்பத்திரண்டைச் சொல்ல வாயைத் திறந்துகொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு அம்மாவும் பெண்ணும். அம்மா கையில் டோக்கன் கசங்கிக் கிடந்தது. பெண்ணின் கையில் ஒரு புத்தகம், அம்மா அவள் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பெண் பக்கத்தைத் திருப்பினாள், "இரு, இன்னும் நான் முடிக்கல" என்று அம்மா அவள் கையைப் பிடித்தார்.

இரண்டு வருடத்தில் உயரமாகியிருந்தாள், ஆனால் எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? நாற்காலிக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தாள். எங்கே நிறுத்தினோம் என்ற அடையாளத்துக்காக நாலாக மடித்த ஒரு பழைய தாளை மடியில் வைத்திருந்தாள். அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிய பன்னிரண்டு, என் கையெழுத்து இல்லை, என் நாத்தனார் கையெழுத்து.

நாற்பத்திரண்டாம் டோக்கன்காரர் பொறுமை இழந்து கண்ணாடியைத் தட்டினார். "என்னம்மா, மூணு தடவை கூப்பிட்டாச்சே, அவங்க வரல. அடுத்தது நான்தானே?"

"உட்காருங்க சார்" என்றேன். "அவங்க இன்னும் லிஃப்ட்ல இருக்காங்க. வந்துடுவாங்க."